பெயர் எழுதப்படாத கபுருகள் – காஞ்சனபுரி அருங்காட்சியகம் சொல்லும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

 

ஆண்டுதோறும் இம்மலரில் மார்க்கக் கட்டுரை ஒன்றை எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு ஒரு வரலாற்றுக் கட்டுரையை உங்கள் முன் வைக்கிறேன். இதை எழுதத் தூண்டியவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த, எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. அவர் தாயின் மடியில் தவழ்ந்த காலத்தில் அவருடைய தந்தை பிழைப்புத் தேடி மலாயா சென்றார். யுத்தம் மூண்டது. கடிதம் நின்றது. பணமும் நின்றது. யுத்தம் முடிந்து கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது திரும்பி வந்தவர்களுள் அவர் இல்லை.

ஒருநாள் அந்த மூதாட்டி என்னை அழைத்து, "எங்க வாப்பாவுக்கு எந்தத் தேதியில துஆ ஓதுறது, ஹஸ்ரத்?" என்று கேட்டார். துஆச் செய்வதற்குத் தேதி தேவையில்லை, எந்நாளிலும் செய்யலாம் என்று மார்க்கத்தை எடுத்துச் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழி இன்றளவும் என் செவியில் ஒலித்துக் கொண்டிருக்கிறது: "துஆவுக்குத் தேதி வேண்டாம், அது எனக்குத் தெரியும். ஆனா எங்க வாப்பா மவுத்தான நாள் இந்த துனியாவுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணுமில்லியா?"

இக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பள்ளிவாசல் அலமாரியிலிருந்த பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு இருந்தது. மஹர் தொகையும் சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தன. வரிப் புத்தகத்தில் தந்தையின் பெயருக்கு நேரே 'மலாயா' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டின் புத்தகத்தில் அவருடைய பெயரே இல்லை. ஒரு மனிதரின் வாழ்வு நம் ஏடுகளில் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது.

கடந்த ஆண்டு மலேசியாவில் வாழும் நம் பகுதிச் சகோதரர்களின் அழைப்பின் பேரில் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அங்கிருந்து தாய்லாந்து நாட்டின் காஞ்சனபுரி என்னும் ஊருக்குச் சென்று வந்தேன். அவ்வூரில் கண்டவற்றையும், அதன் வரலாறு குறித்து அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொன்னூரில் போட்ட தண்டவாளம்

காஞ்சனம் என்றால் பொன். கோயில் நகைகள் செய்யும் பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் வடசேரிக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பாங்காக் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது காஞ்சனபுரி. பெயரில் பொன் இருந்தாலும், உலகம் இவ்வூரை அறிவது இரும்புத் தண்டவாளத்தால்தான். அந்தத் தண்டவாளத்திற்கு வரலாறு சூட்டிய பெயர் 'மரண ரயில்'.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கியது. எழுபதே நாட்களில், 1942 பிப்ரவரி 15 அன்று, வீழ்த்தவே முடியாத கோட்டை எனப் பிரிட்டிஷார் பெருமை பேசிய சிங்கப்பூர் சரணடைந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் பல்லாயிரவர் கைதிகளாயினர். ஜாவாவில் டச்சுப் படையும் விரைவில் பணிந்தது. அதே ஆண்டில் பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று.

பர்மாவிலிருந்த படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியே கப்பல்கள் செல்ல வேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களை மூழ்கடித்தன. ஆகவே தாய்லாந்தையும் பர்மாவையும் தரைவழியே இணைக்கும் ரயில் பாதையொன்றை அமைப்பதென ஜப்பானிய ராணுவம் 1942இல் முடிவு செய்தது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம். இடையே மலைகள், அடர்காடுகள், ஆறுகள். எல்லையில் மூன்று பகோடா கணவாய். பிரிட்டிஷார் முன்னரே இவ்வழியை ஆராய்ந்து, கடினமென்று கைவிட்டிருந்தனர்.

இரு முனைகளிலிருந்தும் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்னுமிடத்தில் சந்தித்தது. ஏறத்தாழ பதினாறு மாதங்களில் பாதை முடிந்துவிட்டது. பெரும் இயந்திரங்களின் துணையின்றி, மண்வெட்டி, கூடை, சுத்தியல், உளி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டே அந்த மலைகள் உடைக்கப்பட்டன. நம் நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தையே காணாத ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள், ஏழு கடல் கடந்து தண்டவாளம் போட்டே மாண்டார்கள்!

யார் கட்டினார்கள்?

இப்பாதையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். பிரிட்டிஷார், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர், சிறு தொகையினரான அமெரிக்கர் ஆகியோரே அவர்கள். இவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அறிந்த கதை இது. 'குவாய் நதிப் பாலம்' என்ற பெயரில் 1957இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் இக்கதையை உலகெங்கும் கொண்டு சென்றது. அப்படம் தாய்லாந்தில் எடுக்கப்படவில்லை. நமக்கு அண்மையிலுள்ள இலங்கையின் கித்துல்கலவில் எடுக்கப்பட்டது.

அப்படம் சொல்லாத கதைதான் நம் கதை. கைதிகளைப் போல மூன்று மடங்குக்கும் குறையாத எண்ணிக்கையில், 1,80,000 முதல் 2,50,000 வரை என வரலாற்றாசிரியர் மதிப்பிடும் ஆசியத் தொழிலாளர் அப்பாதையில் உழைத்தனர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், தமிழர் ஆகியோர் அவர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழர். மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 அளவில் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடிகிறது. கணக்கு என்று சொல்ல முடியவில்லை. இந்த வேறுபாட்டைச் சகோதரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் கூலி நின்றது, அரிசி கிடைக்கவில்லை. அவ்வேளையில், சில மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் இருப்பிடமும் இலவசம் என்று ஆசை காட்டப்பட்டது. பசித்தவர்கள் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு பிறர் மறுத்தபோது, வற்புறுத்தல் தொடங்கிற்று. தோட்டத்திற்கு இத்தனை பேர் எனக் கணக்குப் போட்டுப் பிடித்தனர். இலவசப் படம் என்று கொட்டகைக்கு அழைத்து, கதவை அடைத்து லாரியில் ஏற்றியதைப் பிழைத்து வந்தோர் பலர் சொல்லியிருக்கின்றனர்.

இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துப் பல நாட்கள் பயணம். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியே கால்நடை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் 'விரைவு, விரைவு' என்று வேலை முடுக்கப்பட்டபோது காலராவும் வந்தது. வயிற்றுக்கடுப்பு, மலேரியா, ஆறாத புண், ஊட்டமின்மை ஆகிய அனைத்தும் சேர்ந்து முகாம் முகாமாக மனிதரை அழித்தன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வயிற்று நோயால் மரணிப்போரையும் கொள்ளை நோயால் மரணிப்போரையும் ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்துக் கூறியுள்ளார்கள். அக்காட்டில் மாண்ட ஈமான்தாரிகளின் உறவினர்க்கு இது ஓர் ஆறுதல். கூலியாளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதையும் நாம் ஹதீஸில் படிக்கிறோம். அவ்வழக்கின் தீர்ப்பு அவனிடமே இருக்கிறது.

மூங்கில் கொட்டகையில் ஓர் அருங்காட்சியகம்

காஞ்சனபுரியில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் உள்ளன. அவற்றுள் பழையது 'ஜீத்' போர் அருங்காட்சியகம். 1977இல் இதை நிறுவியவர் அவ்வூர்ப் பௌத்த ஆலயம் ஒன்றின் தலைமைத் துறவி. ஆற்றங்கரையில், ஆலய வளாகத்திலேயே, கைதிகள் வாழ்ந்த முகாமைப் போன்று கூரை வேய்ந்த நீண்ட மூங்கில் கொட்டகை ஒன்றைக் கட்டினார். உள்ளே இருபுறமும் மூங்கில் பரண்கள், கைதிகளின் புகைப்படங்கள், அவர்கள் வரைந்த சித்திரங்களின் படிகள், துருவேறிய கருவிகள். அரசின் பெருநிதியோ பளிங்குக் கட்டடமோ இல்லை. ஒரு வழிபாட்டுத் தலத்தின் பொறுப்பாளர், தம் ஊரில் நடந்த அநீதி மறக்கப்படக் கூடாதென்று எண்ணினார். கையிலிருந்த மூங்கிலைக் கொண்டு தொடங்கிவிட்டார். மிம்பரில் நின்று பேசும் என்னைப் போன்றவர்களை வெட்கப்பட வைக்கும் செயல் அது.

'ஜீத்' என்ற பெயர் ஐந்து ஆங்கில எழுத்துகளால் ஆனது. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் முதலெழுத்துகள் அவை. மரணம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மட்டும் மாற்றினால் இப்பெயர் வரும் என்பதையும் கவனிக்கலாம். நல்ல எண்ணத்தோடு வைக்கப்பட்ட பெயர்தான். நாம் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அந்த ஐந்து எழுத்துகளில் மலாயாவுக்கு ஓர் எழுத்து இல்லை. பர்மாவுக்கு இல்லை. ஜாவாவுக்கு இல்லை. தமிழருக்கு இல்லை. அதிகமாக மாண்டவர்களுக்கு அப்பெயரில் இடமில்லாமற் போயிற்று.

பின்னர், 1998இல் ஆஸ்திரேலிய அரசு, மலையைக் குடைந்த 'நரக நெருப்புக் கணவாய்' என்னுமிடத்தில் நினைவு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. 2003இல் போர்க் கல்லறைகளைப் பராமரித்து வந்த ராட் பீட்டி என்னும் ஆஸ்திரேலியர், காஞ்சனபுரியில் தாய்லாந்து–பர்மா ரயில் பாதை மையத்தை நிறுவினார். ஆசியத் தொழிலாளரின் அவலமும் அங்கு எடுத்துரைக்கப்படுகிறது. இருப்பினும் காட்சிப் பொருள்களிற் பெரும்பாலானவை கைதிகளுடையவையே. காரணம் வெறுப்பன்று, தொழிலாளர்கள் விட்டுச் சென்ற பொருளும் எழுத்தும் மிகச் சொற்பம்.

இரு சாராரின் மரணம்

அந்த மையத்திற்கு அருகிலேயே காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வெட்டிச் சீராக்கிய பச்சைப் புல்வெளியில் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள். ஒவ்வொன்றின் மீதும் வெண்கலத் தகடு. அடையாளம் தெரிந்தவர் ஒவ்வொருவர்க்கும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. ஆற்றுக்கு அப்பால் சுங்காயில் 1,700க்கும் மேற்பட்டோர். பர்மாவின் தான்பியூசயாட்டில் 3,700க்கும் மேற்பட்டோர். மாண்ட கைதிகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு இன்று ஒரு கல்லும் ஒரு தேதியும் உண்டு.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? இங்கேதான் நமக்கான பாடம் தொடங்குகிறது.

கைதிகள் ராணுவத்தினர், அவர்களுக்குள் அதிகாரிகளும் மருத்துவர்களும் பாதிரிமார்களும் இருந்தனர். எழுதுவது கண்டுபிடிக்கப்பட்டால் கடுந்தண்டனை கிடைக்கும் என்ற நிலையிலும் அவர்கள் எழுதினார்கள். யார் இறந்தார், எந்நாளில், எந்நோயால், எந்த மரத்தருகே புதைக்கப்பட்டார் என்றெல்லாம் துண்டுத்தாள்களில் குறித்தார்கள். அத்தாள்களை மூங்கில் குழாய்களில் ஒளித்தார்கள்; கல்லறைகளுக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் முகாம் வாழ்வை நாட்குறிப்பாக எழுதிக் காத்தார். ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்ற கைதிகள் நோயுற்ற தோழர்களைச் சித்திரமாக வரைந்து ஒளித்து வைத்தனர்.

யுத்தம் முடிந்ததும், 1945 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு சிறு குழு ரயில் பாதை நெடுகிலும் சென்றது. ஒளித்து வைத்த குறிப்புகளின் உதவியால் 144 புதைவிடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அக்குழு கண்டறிந்தது. காடு மூடிய மலைகளில், மூன்றே வாரங்களில்! எழுதி வைத்ததன் பயன் அது.

தொழிலாளர் முகாம்களில் நிலைமை வேறு. குடும்பங்களும் சிறுவர்களும் இருந்தனர். அவர்களுக்குத் தலைவர் இல்லை, மருத்துவர் இல்லை, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமென்று கண்டித்துச் சொல்வார் இல்லை. பெயர்ப்பட்டியல் வைத்திருப்பார் எவருமில்லை. 1943இல் கைதிகளிலிருந்து மருத்துவப் பணியாளர் சிலர் இம்முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு நிகழ்ந்தவை பற்றி இன்று கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் பல அவர்கள் விட்டுச் சென்றவை. மாண்டவர்களைப் பெருங்குழிகளில் போட்டு மூடினர். காலரா முகாம்களில் எரித்தனர். குளிப்பாட்டுதல் ஏது? கஃபன் ஏது? ஜனாஸாத் தொழுகை ஏது?

1990இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியிலிருந்து வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று அறியப்பட்டனவேயன்றி, அவர்களுள் ஒருவர் பெயரும் எவருக்கும் தெரியாது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இத்துயரத்தைப் பதிவு செய்யப் பெரிதும் உழைத்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் குறிப்பிடத்தக்கவை. தாய்லாந்து வாழ் தமிழர்களின் முயற்சியால் 2020களில் காஞ்சனபுரியில் மாண்ட தமிழர்க்கென நடுகல் ஒன்றும் நிறுவப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னராயினும் ஒரு கல் நடப்பட்டதே என்று மகிழ்ந்தேன்.

நுழைவாயிலில் பதினொரு பெயர்கள்

போர்க் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் ஒரு சிறு நினைவுப் பலகையைக் கண்டு நின்றுவிட்டேன். பிரிவினைக்கு முந்தைய இந்திய ராணுவத்தின் வீரர்கள் பதினொருவரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாய்லாந்தின் முஸ்லிம் கபுருஸ்தான்களில் அடக்கப்பட்ட அவர்களின் கபுருகளைத் தொடர்ந்து பராமரிக்க இயலாமற் போனதால், பெயர்களையாவது இங்குப் பொறித்து வைத்திருக்கின்றனர். அங்கேயே நின்று ஸலாம் சொல்லி, அவர்களின் மஃபிரத்திற்காகக் கையேந்தினேன்.

கபுரு அழிந்தாலும் பெயர் எஞ்சியிருந்தது. பெயர் எஞ்சியதால் ஒரு துஆ அங்குச் சென்று சேர்ந்தது. பெயரும் அழிந்தவர்களுக்கு நான் எந்தத் திசை நோக்கி ஸலாம் சொல்வது?

அவ்விடத்தில் வேறொரு மனிதரின் நினைவும் வந்தது. நாகாசே தகாஷி என்ற ஜப்பானியர் காஞ்சனபுரியில் தம் ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1945இல் கல்லறைகளைத் தேடிச் சென்ற குழுவோடு மொழிபெயர்ப்பாளராகச் சென்றபோது, தம்மவர் செய்ததன் அளவை அவர் நேரிற் கண்டார். பின்னர் வாழ்நாள் முழுவதும் பலமுறை காஞ்சனபுரிக்கு வந்து மாண்டவர்களுக்காக வருந்தினார், அறப்பணிகள் செய்தார். அவர் மொழிபெயர்ப்பாளராக நின்ற விசாரணையில் சித்திரவதைக்குள்ளான எரிக் லோமக்ஸ் என்ற பிரிட்டிஷ் வீரர் 1993இல் அவரை அங்கேயே சந்தித்தார்; பின்னர் அவரை மன்னித்தார். வரலாற்றை நினைவில் வைப்பது பகையை வளர்ப்பதற்கன்று. தவறிழைத்தவன் திருந்தவும், பாதிக்கப்பட்டவன் மன்னிக்கவும் உண்மை முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாதென்பது நம் வேதத்தின் கட்டளையன்றோ!

காணாமற் போனவரின் சட்டம்

மலாயாவில் மாண்டவர்களின் துயரம் அக்காட்டோடு முடியவில்லை. கடல் கடந்து நம் ஊர்களின் வீடுகளுக்குள்ளும் வந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றோர் பலர். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தெருத்தெருவாகக் குடியேறியிருந்ததை அனைவரும் அறிவர். 1941 டிசம்பருக்குப் பின் அத்தனை வீடுகளிலும் தபால் நின்றது. ஏறத்தாழ நான்காண்டுகள், உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியும் வழியே இல்லை.

அத்தகையவரை நம் ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்கின்றன. அவருடைய மனைவி எத்தனை ஆண்டு காத்திருப்பது, சொத்தை எப்போது பங்கிடுவது என்பன பற்றி இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நான்காண்டு காத்திருக்க வேண்டுமென்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாக அறிவிப்பு உண்டு. மாலிகீ மத்ஹபின் சட்டமும் அதை ஒட்டியதே. பிரிட்டிஷ் இந்தியாவில் 1939இல் இயற்றப்பட்ட முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும், கணவர் இருக்குமிடம் நான்காண்டு தெரியாவிட்டால் மனைவி திருமண ரத்துக் கோரலாமென்று வழிசெய்தது.

சட்டம் வழி காட்டியது. ஆனால் எத்தனை பெண்கள் அவ்வழியில் சென்றார்கள்? என்னிடம் கேள்வி கேட்ட மூதாட்டியின் தாயார் மறுமணம் செய்யவில்லை, இத்தாவும் இருக்கவில்லை. மவுத்துச் செய்தி வராதபோது எந்நாளில் இத்தா தொடங்குவது என்று அவர் கேட்டாராம். இறுதி மூச்சு வரை வாசற்கதவைத் தாழிடாமலே உறங்கினார் என்று மகள் சொன்னார். காஞ்சனபுரியில் ஒரு துண்டுத்தாள் எழுதப்பட்டிருந்தால், இங்கு ஒரு கதவு தாழிடப்பட்டிருக்கும்.

அவருடைய தந்தை அந்த ரயில் பாதையில்தான் மாண்டார் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்குச் சான்று இல்லை. வேறு நோயால் மலாயாவிலேயே மாண்டிருக்கலாம். சான்று இல்லாமற் போனது எதனால் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

மஸ்ஜிதுன் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இறந்தபோது, சிறிய விஷயமென்று எண்ணி ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமல் அடக்கம் செய்துவிட்டனர். செய்தி அறிந்த பெருமானார், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என வினவி, கபுரைக் காட்டச் சொல்லிச் சென்று தொழுகை நடத்தினார்கள். எளியவர் ஒருவரின் மரணம் கேட்டறியப்பட வேண்டியது, கபுரு அடையாளம் தெரிந்திருக்க வேண்டியது என்னும் பாடம் இதில் இல்லையா? அருள்மறையின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கட்டளையிடும் வசனமாகும். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதிருக்க அது வலியுறுத்துகிறது. பொருட்கடனுக்கே இவ்வளவு வலியுறுத்தல் என்றால், மனித உயிர் என்னும் அமானிதத்திற்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

ஆகவே ஜமாஅத் நிர்வாகக் கமிட்டியின் முன்னும், பொதுக்குழு உறுப்பினர்கள் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பழைய நிக்காஹ் புத்தகங்கள், வரிப் புத்தகங்கள், கபுருஸ்தான் பதிவுகள் ஆகியவற்றைக் கரையான் அரிக்கு முன் புகைப்படமெடுத்து, ஒரு பிரதி பள்ளிவாசலிலும் ஒரு பிரதி வேறிடத்திலும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை சென்று திரும்பாதவர்களின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டறிந்து ஒரு பதிவேடு எழுத வேண்டும். பெயர், தந்தை பெயர், சென்ற ஆண்டு, கடைசியாகக் கடிதம் வந்த ஊர் ஆகியவை போதும். பரணில் கிடக்கும் பழைய கடிதங்களையும் கப்பல் சீட்டுகளையும் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

மூன்றாவது, இன்று வளைகுடா நாடுகளிலும் பிற இடங்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் விவரத்தை ஜமாஅத்தில் பதிய வேண்டும். எந்த நாடு, எந்த ஊர், எந்த நிறுவனம், கடவுச்சீட்டு எண், அவசரத்திற்கு அழைக்க ஒரு தொலைபேசி எண். கையிலே அலைபேசி இருக்கையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அலைபேசி அடங்கும் நாளில்தான் பதிவேடு பேசும். ஓர் இளைஞர் வெளிநாட்டில் விபத்தில் சிக்கினால், அவர் யார், எவ்வூரார் என்று கேட்கும் குரலுக்கு நம் பள்ளிவாசல் உடனே விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

காஞ்சனபுரித் துறவி மூங்கிலைக் கொண்டு தொடங்கினார். நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு தொடங்கலாம். நிர்வாகக் கமிட்டியின் அனுமதியோடு அப்புத்தகத்தை நான் வாங்கி வைத்துவிட்டேன். முதற் பக்கத்தின் முதல் வரியில் அந்த மூதாட்டியின் தந்தையுடைய பெயரை எழுதினேன். மரணித்த நாள் என்ற கட்டத்தில், 'அல்லாஹ் அறிந்தவன்' என்று எழுதி, மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்பார்வை மங்கியவர், எழுத்தைத் தம் விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப எங்க வாப்பா பேரு பள்ளியில இருக்கு" என்றார்.

மீதமுள்ள வரிகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் காத்திருக்கின்றன. ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னைச் சந்தித்து விவரம் தர வேண்டுகிறேன்.

யா அல்லாஹ்! கடல் கடந்து சென்று, கபுரும் பெயரும் இன்றி மறைந்த எம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் மறுமை வாழ்வை ஒளிமிக்கதாக ஆக்குவாயாக! இன்று உழைக்கச் சென்றிருக்கும் எம் பிள்ளைகளைப் பாதுகாத்து, அவரவர் இல்லம் கொண்டு சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.